உங்களுக்குத் தெரியுமா? பாகாலா தடத்தில் கேமரா, கிரேக்க ஞானம், கால்ஃப்!

புத்தகக் கடையில் புகைப்படக் கலைக்கு ஓர் அலமாரி, தத்துவத்துக்கு ஓர் அலமாரி, விளையாட்டுக்கு ஓர் அலமாரி. ஒன்றின் முன்னால் நிற்பவர் அடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேமராவுக்கும் சாக்ரடீஸுக்கும் கால்ஃப் மட்டைக்கும் என்ன உறவு என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பாகாலா சந்திப்பில் தொடங்கி வடமேற்கே மதனப்பள்ளி, வடகிழக்கே திருப்பதி, தெற்கே சித்தூர், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி என்று ரயில் தடத்தோடு போய்ப் பாருங்கள். மூன்று அலமாரிப் புத்தகங்களும் ஒரே பெட்டியில் ஏறிக்கொள்ளும்.

பாகாலா ரயிலடி

★ காட்பாடி-திருப்பதி தடமும் தர்மவரம் தடமும் பிரியும் இடம் பாகாலா. 1890களில் தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர் கேஜ் பாதை விழுப்புரத்தில் கிளம்பி, திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி வழியாக இங்கே வந்து, அப்படியே தர்மவரம் வரை நீண்டது. 2022இல் ஆந்திரத்தில் மாவட்டங்கள் பிரிந்தபோது, காலங்காலமாகச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பாகாலா, திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று.

★ பாகாலாவை அடுத்த தாமல்செருவு மாம்பழத்துக்குப் பேர்போனது. பகுதி சூரிய கிரகணத்தன்று அங்கே மாந்தோப்புக்குள் போய்த் தரையைப் பாருங்கள். இலை இடுக்கு வழியே விழும் ஒவ்வோர் ஒளிப்பொட்டும் வட்டமாக இல்லாமல் பிறையாக இருக்கும். ஒரே மரத்தடியில் நூற்றுக்கணக்கான பிறைகள்! இது ஏன் என்ற கேள்வியை, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘பிராப்ளமாட்டா’ என்ற கிரேக்க நூல் அன்றே கேட்டுவிட்டது. மரத்து இலை, சல்லடை, கோத்த விரல்களின் சந்து என மூன்றையும் அது உதாரணம் காட்டுகிறது. சிறு துளை வழியே புகும் ஒளி தன் மூலத்தின் உருவத்தை எதிரே வரையும் என்பதுதான் விடை. ஊசித்துளை கேமரா வேலை செய்வதும் இதே கணக்கில்தான்.

மதனப்பள்ளி பக்கம்

★ பாகாலாவிலிருந்து தர்மவரம் போகும் வண்டியில் ஏறினால் பீலேர், வாயல்பாடு தாண்டி மதனப்பள்ளி ரோடு நிலையம் வரும். தத்துவ உலகம் ‘ஜே.கே.’ என்று அழைக்கும் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதம் பிறந்த ஊர் மதனப்பள்ளி. அவர் தொடங்கிய ரிஷி வேலி பள்ளியும் அதன் அருகில்தான்.

★ 1909இல் அடையாறு கடற்கரையில் சிறுவன் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்த பிரம்மஞான சபையின் லெட்பீட்டர், உலகுக்கு வரப்போகும் குரு இவர்தான் என்று சொன்னார். அடுத்த ஆண்டே அந்தச் சிறுவன் பெயரில் ஒரு சிறு நூல் வந்தது: ‘அட் த ஃபீட் ஆஃப் த மாஸ்டர்’. அட்டையில் இருந்த பெயர் கிருஷ்ணமூர்த்தி அல்ல, ‘அல்சியோனி’. கிரேக்கப் புராணப் பெயர் அது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்திலேயே பிரகாசமான விண்மீனுக்கும் அதே பெயர்தான்.

★ தன்னை உலக குருவாக ஏற்று உருவான அமைப்பை 1929இல் ஹாலந்தின் ஓமன் நகரில் தானே கலைத்துவிட்டு வெளியேறியவர் ஜே.கே. கேள்விக்கு மேல் கேள்வி போட்டு, கேட்பவர் வாயாலேயே பதிலை வரவழைக்கும் அவருடைய பாணியைப் பார்த்துப் பலர் அவரைச் சாக்ரடீஸோடு ஒப்பிட்டார்கள். அவரோ தத்துவ நூல்கள் படிப்பதில்லை என்பார். கையில் இருப்பது பெரும்பாலும் துப்பறியும் நாவல்!

★ பிரிட்டனில் வளர்ந்த நாட்களில் ஜே.கே. லண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதி எழுதிப் பார்த்தார். தேறவில்லை. ஆனால் கால்ஃபில் தேறிவிட்டார். ஸ்காட்லாந்து மைதானங்களில் ஆடி, நல்ல ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேரி லட்யன்ஸ் யார் தெரியுமா? புது தில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸின் மகள். வரலாற்றின் முதல் பாகம் 1975இல் வெளிவந்தது.

★ நம்மூரில் ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் செய்வோம். ஜே.கே.க்கு அது ஒரு புகைப்பட நூலாக நடந்தது. அசித் சந்த்மல் எடுத்த படங்களோடு 1985இல் வந்த அந்த நூலின் பெயரே ‘ஒன் தௌசண்ட் மூன்ஸ்’. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜே.கே. காலமானார்.

திருப்பதி பக்கம்

★ குடியரசுத் தலைவராக இருந்த தத்துவப் பேராசிரியர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணி. பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில், அப்புறம் வேலூர் ஊரிஸ் கல்லூரி. திருத்தணி பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960இல்தான் தமிழகத்துக்கு வந்தது.

★ ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது அந்தப் பாடத்தின் மேல் இருந்த மோகத்தால் அல்ல. பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தன் பழைய பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். அவை தத்துவப் புத்தகங்கள். புதுப் புத்தகம் வாங்கும் செலவு மிச்சம், பாடமும் முடிவாயிற்று. பழைய புத்தகம் கைமாறியதில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு பேராசிரியர் கிடைத்தார்!

★ 1939இல் அவர் வெளியிட்ட ‘ஈஸ்டர்ன் ரிலிஜன்ஸ் அண்ட் வெஸ்டர்ன் தாட்’ நூலில் இந்தியச் சிந்தனையும் கிரேக்கச் சிந்தனையும் எங்கெங்கே நெருங்கி வருகின்றன என்று பேசுகிறார். பின்னர் 1952-53இல் இரண்டு பெரிய தொகுதிகளாகக் கீழை, மேலைத் தத்துவ வரலாறு அவருடைய தலைமையில் உருவானது. அந்தத் திட்டத்துக்குத் துணை நின்றவர் அன்றைய கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத்.

★ இந்தியாவுக்கு அருகே கிடைத்த ஒரு கிரேக்கத் தத்துவ நூலுக்குத் தாளே கிடையாது! ஆப்கானிஸ்தானில் ஐ-கானும் என்ற பழைய கிரேக்க நகரை பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் தோண்டினார்கள். 1977இல் அரண்மனைக் கருவூல அறையில் பாப்பிரஸ் சுருள் ஒன்று கிடந்த இடம் தென்பட்டது. சுருள் மக்கி மண்ணாகிவிட்டது. ஆனால் அதிலிருந்த மை, அழுந்திக் கிடந்த மண்ணில் எழுத்து எழுத்தாகப் பதிந்திருந்தது. படித்துப் பார்த்தால், பிளேட்டோவின் ‘கருத்துரு’ கொள்கை பற்றிய உரையாடல். கேமரா பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டு முன்பே மண் எடுத்து வைத்த படம்.

சித்தூர், வேலூர் பக்கம்

★ 1911இல் சித்தூர் மாவட்டம் பிறக்கும் வரை, வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். அந்த மாவட்டத்து வெங்களத்தூரில் 1895இல் பிறந்தவர் வெ. சாமிநாத சர்மா. பிளேட்டோவின் ‘ரிபப்ளிக்’ நூலை ‘பிளேட்டோவின் அரசியல்’ என்று தமிழில் தந்தவர். கிரேக்க நாட்டின் கதையை ‘கிரீஸ் வாழ்ந்த வரலாறு’ என்று தனி நூலாக எழுதியவர். இரண்டாம் உலகப் போரில் ரங்கூன் மேல் குண்டு விழுந்தபோது, அங்கிருந்து கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்த தமிழர்களில் அவரும் ஒருவர். அந்த அனுபவத்தையும் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்று புத்தகமாக்கினார்.

★ 1895இல் ஜே.கே. பிறந்தார், சாமிநாத சர்மாவும் பிறந்தார். கொடைக்கானல் கால்ஃப் கிளப் தொடங்கியதும் அதே 1895இல்தான். இந்தியாவில் கால்ஃபுக்கு மூத்த கிளப் எது? 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழையது அதுதான்.

★ 1921 கடைசியில் கைதாகி வேலூர் சிறைக்குப் போனவர் ராஜாஜி. அங்கே நாட்குறிப்பு எழுதினார், பின்னர் அது நூலானது. சாக்ரடீஸின் விசாரணையையும் முடிவையும் தமிழில் எழுதியவர்களில் அவர் முன்னோடி. ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்கஸ் அரேலியஸின் சிந்தனைகளையும் அவர் தமிழாக்கினார். ரோமானியராக இருந்தும் மார்கஸ் அரேலியஸ் அந்தச் சிந்தனைகளை எழுதியது லத்தீனில் அல்ல, கிரேக்கத்தில்!

★ ராஜாஜிக்கு முன்பே சாக்ரடீஸைப் பிடித்தவர் காந்தி. 1908இல் தென்னாப்பிரிக்காவில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் சாக்ரடீஸின் நீதிமன்ற வாதத்தைக் குஜராத்தியில் ஒரு சத்திய வீரனின் கதையாகத் தொடர்ந்து எழுதினார். சிறுநூலாகவும் வந்த அந்தத் தொடரை 1910இல் பம்பாய் அரசு தடை செய்தது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் பயந்த அதே ஆளுக்கு பம்பாயும் பயந்திருக்கிறது.

★ படிக்காதவர்களுக்கும் சாக்ரடீஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சினிமா. 1956இல் வந்த ‘ராஜா ராணி’ படத்தில், மு. கருணாநிதி வசனத்தில், நஞ்சுக் கோப்பையோடு சாக்ரடீஸாக நின்றவர் சிவாஜி கணேசன்.

★ மார்கஸ் அரேலியஸுக்கு கால்ஃப் மைதானத்திலும் வேலை உண்டு. பி.ஜி. வுட்ஹவுஸின் நகைச்சுவைக் கதையான ‘ஆர்டீல் பை கால்ஃப்’பில், பந்து தப்பினாலே கொதித்துப்போகும் ஓர் ஆட்டக்காரருக்கு அந்தச் சக்கரவர்த்தியின் நூல்தான் மருந்து. இப்படி ஒரு பொறுமையை எழுதியவர் நிச்சயம் கால்ஃப் ஆடியிருப்பார் என்பது கதை சொல்லும் பெரியவரின் கட்சி. 1922இல் வந்த ‘த கிளிக்கிங் ஆஃப் கத்பர்ட்’ தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது.

திருவண்ணாமலை பக்கம்

★ 1950 ஏப்ரல் 14, இரவு 8.47. ரமண மகரிஷி மறைந்த நேரம். அன்று திருவண்ணாமலையில் இருந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸோன். வானத்தில் ஒரு ஒளி மெல்ல நகர்ந்து அருணாசல மலைக்கு அப்பால் மறைந்ததைப் பார்த்ததாகவும், உடனே கடிகாரத்தைப் பார்த்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

★ அதே கார்ட்டியே-பிரெஸோன் 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்தார். நியூயார்க்கில் நடந்த தன் கண்காட்சியின் புத்தகத்தை அவரிடம் கொடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிய காந்தி ஒரு படத்தில் நின்றார். பிரெஞ்சுக் கவிஞர் போல் கிளாடெல், பின்னால் ஒரு சவ வண்டி. அதன் பொருள் என்ன என்று கேட்டு, மரணத்தைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னார். சற்று நேரத்தில் பிரார்த்தனைக்குப் போகும் வழியில் சுடப்பட்டார்.

புதுச்சேரி பக்கம்

★ திருவண்ணாமலையிலிருந்து பத்து நாள் கழித்து கார்ட்டியே-பிரெஸோன் புதுச்சேரி போனார். அரவிந்தரை அதற்கு முன் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக யாரும் படம் எடுக்கவில்லை. அந்த ஏப்ரலில் எடுத்தவைதான் அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த கடைசிப் படங்கள். டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். புகைப்படக்காரர்கள் வேதமாக வைத்துக்கொண்டாடும் ‘த டெசிசிவ் மொமென்ட்’ நூலை கார்ட்டியே-பிரெஸோன் வெளியிட்டது 1952இல். அட்டை வரைந்தவர் ஓவியர் மத்தீஸ்.

★ அரவிந்தரே ஒரு கிரேக்கப் பண்டிதர். ஐ.சி.எஸ். தேர்வில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர், குதிரையேற்றச் சோதனைக்குப் போகாமல் அந்த வேலையைக் கைகழுவினார். புதுச்சேரியிலிருந்து நடத்திய ‘ஆர்யா’ இதழில் 1916-17இல் ஹெராக்ளிடஸ் பற்றித் தொடர் எழுதினார். எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நெருப்பே மூலம் என்ற அந்தக் கிரேக்க ஞானியை உபநிடதங்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நூல் அது. எழுதத் தூண்டியது, மகாராஷ்டிரத் தத்துவப் பேராசிரியர் ஆர்.டி. ரானடே ஹெராக்ளிடஸ் பற்றி எழுதிய கட்டுரை.

★ கால்ஃப் நூல்களிலேயே விசித்திரமானது புதுச்சேரியோடு உறவுள்ளது! 1950களின் நடுவில் மைக்கேல் மர்ஃபி என்ற அமெரிக்க இளைஞர் அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து ஓராண்டுக்கு மேல் தங்கினார். ஊர் திரும்பி, 1962இல் கலிஃபோர்னியாவில் எசலன் என்ற புகழ்பெற்ற தியான மையத்தை நண்பரோடு தொடங்கினார். 1972இல் ‘கால்ஃப் இன் த கிங்டம்’ எழுதினார். கதை இதுதான்: ஆசிரமத்துக்குப் போகும் வழியில் ஓர் இளைஞன் ஸ்காட்லாந்தில் இறங்குகிறான். ஷிவாஸ் அயர்ன்ஸ் என்ற கால்ஃப் ஆசானோடு ஆடுகிறான். அன்றிரவு விருந்தில் ஒவ்வொருவரும் எழுந்து இந்த ஆட்டத்தின் மேல் ஏன் இத்தனை பித்து என்று பேசுகிறார்கள். காதலைப் பற்றி ஆளுக்கொரு உரை நிகழ்த்தும் பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ படித்தவர்களுக்கு இந்த விருந்து எங்கோ பார்த்ததாகத் தோன்றும்.

வண்டி வரும் வரை…

★ ரயிலடியில் புத்தகம் என்றாலே தெற்கத்திக்காரர்களுக்கு ஹிக்கின்பாதம்ஸ். சென்னையில் 1844இல் தொடங்கிய கடை. அதே 1844இல்தான் லண்டனில் ஃபாக்ஸ் டால்பட்டின் ‘த பென்சில் ஆஃப் நேச்சர்’ வெளிவரத் தொடங்கியது. புகைப்படங்களோடு விற்பனைக்கு வந்த முதல் நூல் என்று பெயர் பெற்றது. ஆறு பகுதி, 24 படம்.

★ அந்த 24இல் ஒன்று இரண்டு தட்டுப் புத்தக அலமாரியின் படம். பெயர் ‘நூலகத்தில் ஒரு காட்சி’. ஆனால் எடுத்தது நூலகத்துக்குள் அல்ல. உள்ளே வெளிச்சம் போதாது என்று புத்தகங்களை வெளியே கொண்டுவந்து வெயிலில் அடுக்கி எடுத்தார். டால்பட் விஞ்ஞானி மட்டுமா? கேம்பிரிட்ஜில் கிரேக்கச் செய்யுள் எழுதி 1820இல் பரிசு வாங்கியவர்.

★ சென்னை மாகாண அரசு 1856இல் ஒரு ராணுவ கேப்டனை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் லின்னேயஸ் டிரைப். மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை என்று சுற்றினார். 1858இல் ஊர்வாரியாக நூல்கள் வந்தன. அன்றைய கெமிக்கலில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். டிரைப் விடவில்லை. காகித நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகம் வரவழைத்தார்! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் 19 அடிக்கு மேல்.

★ தமிழர்களில் கேமராவை முறையாகப் படித்து வந்த முன்னோடி ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து போகும் கப்பலில், காந்தி பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் உதித்தது. 1940இல் படம் வெளிவந்தது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ புத்தகமும் அவருடையதே.

★ புகைப்படம் பற்றி மிக அதிகம் பேசப்பட்ட நூல் ஒன்று ஒரு புகைப்படம்கூட இல்லாமல் வெளிவந்தது. சூசன் சொன்டாக் 1977இல் வெளியிட்ட ‘ஆன் ஃபோட்டோகிராஃபி’. முதல் கட்டுரையின் தலைப்பு ‘பிளேட்டோவின் குகையில்’. பிளேட்டோ சொன்ன கதையில், குகைக்குள் கட்டிப்போடப்பட்டவர்கள் சுவரில் விழும் நிழல்களையே உலகம் என்று நம்புகிறார்கள். படங்களைப் பார்த்தே உலகத்தை அறிந்துவிட்டதாக நினைக்கும் நாமும் இன்னும் அங்கேதான் இருக்கிறோம் என்பது சொன்டாக்கின் குற்றச்சாட்டு. செல்போன் கேமரா வருவதற்கு முன்பே எழுதியது!

★ கால்ஃப் வீரர்கள் மட்டையை வீசும் விதத்தைப் புகைப்படத்தால் கற்பிக்கும் நூல் 1904லேயே வந்துவிட்டது: ஜார்ஜ் பெல்டமின் ‘கிரேட் கால்ஃபர்ஸ்’. அதற்கு நேரெதிர், 1957இல் வந்த பென் ஹோகனின் ‘ஃபைவ் லெஸன்ஸ்’. இன்றுவரை கால்ஃப் பயில்பவர்கள் கையில் புழங்கும் அந்தப் பாடநூலின் பலம், ஆன்டனி ராவியெல்லி கையால் வரைந்த சித்திரங்கள்.

★ பறக்கும் அம்பு எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஓரிடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு கணமும் நிற்பது நகர்வது எப்படி? கிரேக்கத்து ஜீனோ போட்ட புதிர் இது. அவருடைய நூல் அழிந்துவிட்டது. மறுப்புச் சொல்வதற்காக அரிஸ்டாட்டில் எடுத்து எழுதியதால் புதிர் பிழைத்தது. 1930களில் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் எட்கர்டன், அடுத்தடுத்து மின்னும் விளக்கால் கால்ஃப் வீரர் டென்ஸ்மோர் ஷூட் மட்டை வீசுவதை ஒரே படத்தில் பதித்தார். அரைவட்டமாக விரியும் மட்டையின் ஒவ்வொரு நிலையும் தனித்தனியாக, அசையாமல். கம்பி வளைவதுகூடத் தெரிந்தது. 1939இல் வந்த ‘ஃப்ளாஷ்!’ நூல் இந்த வித்தையைப் பொதுமக்களுக்குக் காட்டியது. கேமரா, கிரேக்கம், கால்ஃப் மூன்றும் ஒரே சட்டகத்தில்.

★ இந்தப் பட்டியலில் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்கிறீர்களா? சாமிநாத சர்மாவிலிருந்து தொடங்குங்கள். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம். பாகாலாவில் இணைப்பு வண்டிக்குக் காத்திருக்கும் நேரம், பிளேட்டோவின் முதல் அத்தியாயத்துக்குத் தாராளமாகப் போதும்.